முகம் கொடுத்துப் பேசுவது: வீட்டுத் திரைகளும் குடும்ப உறவும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான்கு பேர்: கணவன், மனைவி, 14 வயது மகன், 3 வயது மகள். பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் மாலையானால் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், பேச்சு குறைந்துவிட்டது. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வரை பரவாயில்லை? உறவு உண்மையிலேயே இதனால் கெடுமா, இல்லை நாங்கள்தான் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறோமா?" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் மணிக்கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தால் விடை கிடைக்காது. ஒரு மணி நேரம் பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதும், ஒரு மணி நேரம் தனியாக ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பதும் கடிகாரத்துக்கு ஒன்றுதான், வீட்டுக்கு ஒன்றல்ல. இந்த விஷயத்தைப் பல வருடங்களாகப் படித்தும், குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியும் வந்திருக்கிறேன். நான் பார்க்கும் கணக்கு இது: ஒருவர் கூப்பிடும்போது, எதையாவது கேட்கும்போது, ஒன்றைக் காட்டும்போது, மற்றவரிடமிருந்து பதில் வருகிறதா? எவ்வளவு நேரம் கழித்து வருகிறது? முகம் திரும்புகிறதா, இல்லை "ம்" என்ற சத்தம் மட்டும் வருகிறதா? காது கொடுத்துக் கேட்பது, முகம் கொடுத்துப் பேசுவது என்று நம் மொழியிலேயே இருக்கிறது. இரண்டிலும் கொடுப்பது என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். திரை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்வதும் அந்த முகத்தையும் காதையும்தான்.

சின்னவளிடமிருந்து தொடங்குகிறேன். இந்த வயதில்தான் விஷயம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும்.

1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் தன் கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுவாள். பிறகு சிறிது நேரம், குழந்தையைப் பார்த்தபடியே, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், சத்தம் போடும், கையை நீட்டும். ஒன்றுக்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வாடிப்போகும், அழுதும் விடும். அப்போது கைபேசி கிடையாது. ஆனால் போனில் மூழ்கியிருக்கும் ஒருவரின் முகத்தை எதிரில் உட்கார்ந்து பாருங்கள், கிட்டத்தட்ட அதே அசையாத முகம். 2018ல் வெளியான ஓர் ஆய்வில் தாய்மாரின் கையில் போனையே கொடுத்து இதே முறையில் பார்த்தார்கள். குழந்தைகளிடம் சிரிப்பு குறைந்தது, தவிப்பு கூடியது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்துவிட வேண்டாம். ட்ரோனிக்கின் வேலையில் இன்னொரு பாதியும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. நன்றாக இருக்கிற தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலும்கூட எப்போதும் இசைவு இருப்பதில்லை. விலகும், மறுபடி சேரும். அப்படி மறுபடி சேர்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. அதனால் பத்து நிமிடம் போன் பார்த்த தாய் பிள்ளையைக் கெடுத்துவிடவில்லை. விலகினால் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். விலகல் நீண்டுகொண்டே போய், சேர்வது அரிதாகிப்போகும் வீடுதான் எனக்குக் கவலை தருகிறது.

பேச்சு கற்பதும் இப்படித்தான். 2017ல் வெளியான ஓர் ஆய்வில், தாய்மார்கள் தங்கள் 2 வயதுக் குழந்தைகளுக்கு இரண்டு புதுச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சொல்லை இடையூறு இல்லாமல். இன்னொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, தாய் எடுத்துப் பேசிவிட்டு வந்து தொடர்ந்தாள். இரண்டு சொற்களும் குழந்தையின் காதில் விழுந்த தடவைகளில் வித்தியாசம் இல்லை. ஆனாலும் தடைபடாத சொல்லைத்தான் குழந்தைகள் கற்றார்கள், தடைபட்டதைக் கற்கவில்லை. எனக்கு மிகவும் யோசனை தந்த ஆய்வு இது. சொல் காதில் விழுந்தால் போதாது, இருவருக்கும் நடுவில் ஓடும் இழை அறுபடாமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

அப்படியானால் திரையே விஷமா? இல்லை. பட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர் 2003ல், ஆங்கிலம் பேசும் வீடுகளின் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளைக் கேட்க வைத்தார். நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது அந்த ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில் என்றபோது கற்கவில்லை. சரி, வீடியோ என்றாலே இப்படித்தான் என்று முடிவுகட்டலாமா என்றால், 2014ல் வந்த இன்னோர் ஆய்வு அதையும் மறுத்தது. வீடியோ காலில் எதிரில் இருப்பவர் குழந்தை சொல்வதற்கு ஏற்பப் பதில் சொன்னபோது, 2 வயதை ஒட்டிய குழந்தைகள் அதிலிருந்து புதுச் சொற்களைக் கற்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் பதில் சொல்லும் ஆள் என்றால் குழந்தைக்குப் பிரயோஜனம் இருக்கிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016ல் தன் பரிந்துரையை மாற்றியபோது, 18 மாதத்துக்குக் கீழே திரை வேண்டாம் என்று சொன்னாலும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. நீங்கள் எண்தான் கேட்டீர்கள் என்பதால் உங்கள் மகளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து "அந்த நாய் எங்கே போச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் அது வேறு மாதிரியான ஒரு மணி நேரம்.

இன்னொன்று. யாரும் பார்க்காமல் கூடத்தில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் டிவியை அணைத்துவிடுங்கள். 2009ல் 300க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்துப் பார்த்தார்கள். டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்கும் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. யாரும் பேசக் கூடாது என்று தடுக்கவில்லை. சத்தம் இருக்கும் இடத்தில் மனிதர்கள் தானாகவே பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

என் மகளுக்கு இதே வயது இருக்கும்போது நான் மின்னஞ்சல் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள், நான் "ம்" என்றேன். மறுபடி சொன்னாள், மறுபடியும் "ம்". அவள் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அழவில்லை, கோபமும் இல்லை. வேலை நடக்க என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சின்ன விரல்களின் அழுத்தம் இன்னும் தாடையில் இருக்கிறது. உங்கள் மகள் அப்படிச் செய்தால் அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற குழந்தைதான் முகத்தைத் திருப்பும். கேட்பதையே விட்டுவிட்ட குழந்தை அமைதியாக இருக்கும், நாம் அதைச் சமர்த்து என்று நினைத்துவிடுவோம்.

அழும்போது போனைக் கையில் கொடுத்து அடக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். அவசரத்துக்கு, மருத்துவர் அறையில், நீண்ட பயணத்தில் கொடுப்பதில் ஒன்றும் ஆகிவிடாது. அதுவே முதல் வழியாக ஆகிவிட்டால்தான் சிக்கல். 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைச் சில மாதங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், சமாதானப்படுத்த அடிக்கடி போன் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், ஆண் குழந்தைகளிடம் கூடுதலாக, பின்னர் உணர்ச்சிக் கொந்தளிப்பு அதிகம் தெரிந்தது. கோபத்தையும் ஏமாற்றத்தையும் தாங்கிக் கடந்துவரப் பழக வேண்டிய வயது அது. பழக வாய்ப்பே கிடைக்காமல் போகிறது. இதில் ஒரு சுழலும் உண்டு: பிள்ளை படுத்தும்போது களைத்துப்போன பெற்றோர் போனுக்குள் ஒதுங்குகிறார்கள், ஒதுங்கும்போது பிள்ளை இன்னும் படுத்துகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தள்ளிவிடுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் "போனை வை" என்று ஒரு தாயைக் கண்டிப்பதைவிட, அவள் கையிலிருந்து பிள்ளையை அரை மணி நேரம் வாங்கிக்கொள்வது அந்தச் சுழலை நிறுத்தும்.

திரையை அணைக்கும் நேரத்தில் வரும் அழுகைக்கு ஒரு தகவல் உதவும். "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே எச்சரிப்பது நல்லது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2016ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிறு குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்தபோது, அந்த எச்சரிக்கை பெரும்பாலும் அழுகையைக் கூட்டியது தெரிந்தது. நிகழ்ச்சி தானாக முடியும் இடத்தில் நிறுத்தும்போதும், தினமும் இதற்குப் பின் இது என்ற பழக்கம் இருக்கும்போதும் குழந்தைகள் எளிதாக விட்டுவிட்டார்கள். ஆகவே அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை இன்றைக்கே நிறுத்திவையுங்கள். ஒரு கதை முடிந்தால் திரையும் முடிந்துவிட வேண்டும்.

நம் பெரியவர்களின் பிரச்சினையும் இந்த முடிவில்லாமைதான். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, நிகழ்ச்சிக்குக் கடைசிக் காட்சி உண்டு. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006ல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார், பின்னாளில் அதற்காக அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். எப்போது நல்லது வரும் என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே இருப்பது ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களிடம் கண்ட பழைய விஷயம்: எத்தனை தடவை கொத்தினால் தீனி வரும் என்று ஊகிக்க முடியாதபோதுதான் புறா விடாமல் கொத்தியது. உங்கள் கணவர் கூப்பிட்டும் திரும்பாதபோது அவருக்கு உங்கள்மேல் அன்பு இல்லை என்று அர்த்தம் ஆகாது. நிறுத்துவதற்கு இடமே வைக்காத ஒன்றில் அவர் இருக்கிறார்.

ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு வலிப்பது வலிக்கத்தான் செய்யும். எதிரில் ஆளை வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பதற்கு 2012ல் ஆஸ்திரேலியாவில் 'ஃபப்பிங்' என்று ஒரு சொல்லே உருவாக்கினார்கள். 2016ல் தம்பதிகள், சேர்ந்து வாழ்பவர்கள் இடையே நடந்த ஆய்வுகளில், இந்தக் குறுக்கீடு அதிகமுள்ள இடத்தில் போனைப் பற்றிய சண்டையும் அதிகம், உறவில் நிறைவும் குறைவு என்று தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்று இத்தகைய ஆய்வுகளை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே கசந்த வீட்டிலும் போன் நல்ல ஒதுங்குமிடம்தான். நான் பேசிய குடும்பங்களில் பலமுறை கேட்ட வாக்கியம்: "அவர் என்ன பார்க்கிறார்னு தெரியாது, ஆனா என்னைவிட அது முக்கியம்னு மட்டும் தெரியுது."

இந்த வாக்கியத்தின் முதல் பாதியைக் கவனியுங்கள். பழைய வீட்டில் ஒருவர் என்ன செய்கிறார் என்பது பார்த்தாலே தெரியும். கணக்கு நோட்டு விரித்திருந்தால் கணக்கு, கடிதம் இருந்தால் கடிதம். எப்போது குறுக்கிடலாம், எப்போது காத்திருக்கலாம் என்று பிள்ளைக்குக்கூடப் புரியும். போனில் பில் கட்டுவதும், மேலதிகாரிக்குப் பதில் அனுப்புவதும், அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரிப்பதும், வெறுமனே தள்ளிக்கொண்டிருப்பதும் வெளியிலிருந்து ஒரே தோற்றம்: குனிந்த தலை, அசையாத முகம். பார்ப்பவர் காரணத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறார், பெரும்பாலும் மோசமானதாக. இதற்கு நான் கண்ட எளிய மருந்து, வாயால் சொல்வது. "கரண்ட் பில் கட்டுறேன், ரெண்டு நிமிஷம்." "அக்கா மெசேஜ் போட்டிருக்கா, பதில் போட்டுட்டு வர்றேன்." சொன்னபடி வந்துவிட வேண்டும், அது முக்கியம். ஒரு வாரம் செய்து பாருங்கள். சொல்ல வெட்கமாக இருக்கும் வேலையாக இருந்தால் நமக்கே தெரிந்துவிடும், கை தானாகப் போனை வைத்துவிடும்.

அடுத்து 14 வயது மகன். இங்கே நான் பல பெற்றோர்களோடு வேறுபடுகிறேன்.

பதின்வயதினரின் மனநலம் திரையால் சீரழிகிறது என்று ஓயாமல் சொல்கிறார்கள். ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இருவர் 2019ல் லட்சக்கணக்கான பதின்வயதினரின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய நலத்தில் காணப்படும் வேறுபாட்டில் திரைப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று கண்டார்கள். இது சராசரி. ஏதோ ஒரு பிள்ளைக்கு, ஏதோ ஒரு பயன்பாடு பெரிய தீங்காக இருக்கலாம், இணையத்தில் மிரட்டப்படும் பிள்ளைக்குச் சராசரி எதையும் சொல்லாது. ஆனால் மகன் போன் பார்க்கிறான் என்பதை மட்டும் வைத்துப் பீதி அடையக் காரணமில்லை. அவன் நண்பர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொள்வது அந்த வயதின் இயல்பு, போன் இல்லாத காலத்திலும் சாத்திக்கொண்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, போன் வந்தபிறகு பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் மிஞ்சும் ஒரே பேச்சு போனைப் பற்றியதாக ஆகிவிடுவது. "வைடா", "இன்னும் எவ்வளவு நேரம்", "கொடு இங்கே". நாள் முழுக்க அவன் அப்பா அம்மா வாயிலிருந்து கேட்பது இவ்வளவுதான் என்றால், அவன் ஏன் கூடத்துக்கு வர வேண்டும்? ஒருநாள் அவன் விளையாடும் விளையாட்டை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். நீங்கள் தோற்பீர்கள், அது நல்லது. 2011ல் வந்த ஓர் ஆய்வில், 11 முதல் 16 வயதுப் பெண் பிள்ளைகள் பெற்றோரோடு சேர்ந்து, வயதுக்கு ஏற்ற வீடியோ கேம் விளையாடும் வீடுகளில் குடும்ப நெருக்கம் கூடுதலாக இருந்தது. ஆண் பிள்ளைகளிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அவனுக்குத் தெரிந்ததை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்த அரை மணி நேரம் வீணாகாது.

ரகசியமாக அவன் போனைக் கிளறாதீர்கள். பார்க்க வேண்டியிருந்தால், பார்ப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டுப் பாருங்கள். ஒளிந்து பார்த்தது தெரிந்துபோன அன்று, ஆபத்து வந்தால் உங்களிடம் ஓடிவர வேண்டிய பிள்ளை அடுத்தமுறை வரமாட்டான். அவனை யாராவது இணையத்தில் மிரட்டினால் முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான், அந்த வழியை அடைத்துவிடக் கூடாது.

அவனிடம் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று தூக்கம். 2015ல் வந்த ஆய்வு, படுக்கும் முன் ஒளி வீசும் திரையில் படித்தவர்களுக்கு, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு தள்ளிப்போவதைக் காட்டியது. தூக்கம் வரப் பிடித்த கூடுதல் நேரம் சராசரியாகப் பத்து நிமிடம் போலத்தான். என் கருத்தில் வெளிச்சத்தைவிட, நள்ளிரவில் வரும் நண்பனின் மெசேஜ்தான் பெரிய எதிரி. இரவில் எல்லாப் போனும் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும். எல்லாப் போனும் என்று சொன்னேன், அப்பா அம்மா போனும் அதில் சேர்த்தி. பிள்ளைக்கு மட்டும் போடும் சட்டத்தை 14 வயதுப் பிள்ளை சட்டமாகவே மதிப்பதில்லை. அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்பீர்கள், ஒரு கடிகாரம் வாங்கிவிடுங்கள்.

தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத் திரை வரம்தான், அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அவர்களோடு பேசும்போது போனைப் பேரக்குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து "பாட்டிக்கு உன் படத்தைக் காட்டு" என்று பேச்சை இழுத்துவிட ஒருவர் தேவை.

எங்கே தொடங்குவது? பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். இனி வீட்டில் போனே கிடையாது என்று அறிவிக்கும் வீடுகள் பெரும்பாலும் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளில் எல்லோரும் பிரிந்திருந்து மறுபடி சேரும் சில தருணங்கள் உண்டு: காலையில் எழுந்தவுடன், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது, சேர்ந்து சாப்பிடும்போது, விளக்கணைக்கும் முன். இந்த நேரங்களில் மட்டும் கையில் போன் இல்லாமல் இருந்து பாருங்கள். அதிலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வீட்டுக்குள் நுழையும் நேரத்தைச் சொல்வேன். போனில் பேசிக்கொண்டே கதவைத் திறப்பவரை நோக்கி ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தை, பாதி வழியில் நின்றுவிடும். பேச வேண்டிய அழைப்பை வாசலிலேயே நின்று முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

முதல் சில நாள் கூடத்தில் சங்கடமான மௌனம் இருக்கும். அதைப் பார்த்து, நமக்குள் பேச ஒன்றுமே இல்லை போலிருக்கிறதே என்று பயந்துவிடாதீர்கள். பேசுவதும் பழக்கம்தான், திரும்பி வரக் கொஞ்ச நாள் எடுக்கும். மகனிடம் கேள்வியாகக் கேட்காமல், உங்கள் நாளில் நடந்த ஒன்றை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.